ஈயக் குழல்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. நின்று தொழ இயலாத தம் நிலையை அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். நிற்க முடியாவிடில் அமர்ந்தும், அதுவும் முடியாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என விடை கிடைத்தது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை நோயாளியின் தொழுகைச் சட்டத்திற்கு ஆதாரமாக உலமாப் பெருமக்கள் எடுத்தாளுவர். சட்டத்தை அவர்களிடமே விட்டு, நாம் இதில் வேறொன்றைக் காண்கிறோம். உடம்பில் எவ்விடத்து நோய் என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். கேட்டவர் முகம் சுளிக்கவில்லை. அறிவித்தவர்கள் மறைக்கவில்லை. தொகுத்தவரோ 'பவாஸீர்' என்று நோயின் பெயரையே எழுதி வைத்தார்.

நம் இல்லங்களில் நடப்பது வேறு. நாம் பெரியவாப்பா என்று அழைத்த குடும்பப் பெரியவர் ஒருவர் பள்ளிவாசலின் முதல் வரிசையில் நின்று தொழுது வந்தவர். ஒரு காலகட்டத்திற்குப் பின் கடைசி வரிசையின் ஓரத்தில் அமர்ந்து தொழலானார். முழங்கால் வலி என்றார். ஊரும் நம்பிற்று, வீடும் நம்பிற்று. வீட்டில் சோற்றைக் குறைத்தார். விருந்துகளுக்குப் போவதைத் தவிர்த்தார். ஒவ்வொரு விடியலையும் அச்சத்தோடு எதிர்கொண்டார். மூலத்தைச் சுட்டு உதிர்க்கும் மருந்தென்று யாரோ ஒருவர் பூசிய காரம் மூலத்தோடு அதைச் சூழ்ந்த நல்ல தோலையும் எரித்துவிட்டது. புண் ஆறிய தழும்பு மெல்லச் சுருங்கி மலவாயை இறுக்கிவிட்டது. இவையெல்லாம் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே நமக்குத் தெரிய வந்தன. அந்த ஆறு ஆண்டுகள்தாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

குதக் குறுக்கம் என்று மருத்துவர்கள் வழங்கும் இந்நிலை, மூலநோயைப் போலப் பரவலானதன்று. ஆயினும் அதன் வரலாறு மூலநோய் மருத்துவத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. காரணம் எளிது: பெரியவர்களுக்கு வரும் குறுக்கத்திற்குப் பெரும்பாலும் மனிதக் கைகளே காரணம். மூலத்தை அகற்ற முனைந்த கத்தியோ, காரமோ, சூட்டுக்கோலோ தன் எல்லையைத் தாண்டியதன் தழும்பு அது.

குடலின் கடைசி நான்கு சென்டிமீட்டர் அளவான பாதையே குதக் கால்வாய். அதன் கீழ்ப்பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல், நெகிழ்ந்து விரிந்து மீண்டும் சுருங்கும் இயல்பு கொண்டது. அத்தோலில் ஒரு பகுதி அழிந்தால், அழிந்த இடத்தைத் தழும்பு நிரப்புகிறது. தழும்புக்கு நெகிழ்ச்சி கிடையாது. ஒரு பக்கத்தில் மட்டும் தழும்பிருந்தால் மற்றப் பக்கங்கள் விரிந்து ஈடு செய்யும். சுற்றிலும் வளையமாகத் தழும்பு விழுந்துவிட்டாலோ, சுருக்குப் பையின் கயிற்றை இழுத்ததுபோல் வாயில் ஒடுங்கிவிடுகிறது. வளையமாகப் புண் விழக்கூடாது என்ற இந்த ஒரு விதியைக் கண்டறிந்து, மறந்து, மீண்டும் கண்டறிவதற்கு மனித குலம் பல நூற்றாண்டுகளைச் செலவிட்டிருக்கிறது.

இந்நோய்க்குத் தனிப் பெயரிட்டவர்களுள் மிகப் பழையவர் நம் பாரத நாட்டின் சுசுருதர். அவருடைய சங்கிதை இதனைச் 'சன்னிருத்த குதம்' என்று குறித்து, சிறு நோய்களின் வரிசையில் வைக்கிறது. மலம் கழிக்கும் உந்துதலை அடக்கி அடக்கி வைப்பதால் வாயு தடைப்பட்டு, அகன்ற வழி குறுகிப் போகிறது என்பது அவர் கூறும் காரணம். வாயுக் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை எனினும், அடக்குதல் கேடு என்ற கூற்று இன்றும் பழுதின்றி நிற்கிறது. ஆண்குறியின் முன்தோல் இறுக்கத்திற்குக் கூறிய மருத்துவத்தையே இதற்கும் கூறுகிறார்: இரும்பிலோ மரத்திலோ அரக்கிலோ செய்த, இருபுறமும் திறந்த குழலில் நெய் தடவிச் செலுத்த வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை அதனினும் பருத்த குழலை இட வேண்டும். அவசரப்படாமல் சிறிது சிறிதாக விரிப்பதே அவர் முறை. இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் கடைசியில் இக்குழலை மீண்டும் சந்திப்போம்.

சுசுருதரின் நூல் சமஸ்கிருதத்தோடு நின்றுவிடவில்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அமைச்சரான யஹ்யா இப்னு காலித் அல் பர்மகீ, மங்கா என்ற இந்திய மருத்துவரைக் கொண்டு அதனை மொழிபெயர்க்கச் செய்தார் என்று இப்னுந் நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில் பதிந்திருக்கிறார். அப்பட்டியல் ஹிஜ்ரி 377-இல், அதாவது கி.பி. 987-இல் தொகுக்கப்பட்டது. அரபு மருத்துவர்கள் 'ஸுஸ்ருத்' என்று மேற்கோள் காட்டியது நம் சுசுருதரையே. பக்தாதில் கங்கைக் கரையின் மருத்துவமும் கிரேக்க மருத்துவமும் ஒரே மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது.

கிரேக்கர் பக்கத்தில் இரு பெயர்களைச் சொன்னால் போதும். நாட்பட்ட மூலத்தை அகற்றும்போது ஒன்றையேனும் விட்டு வைக்க வேண்டும், இல்லையேல் நீர்க்கோவையோ எலும்புருக்கியோ வரும் என்று ஹிப்போக்ரதீஸின் பெயரால் வழங்கும் சூத்திரங்களுள் ஒன்று எச்சரிக்கிறது. கெட்ட இரத்தம் வெளியேற ஒரு வழி வேண்டும் என்பது அக்காலத்துக் கருத்து. மற்றவர், ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈஜினாத் தீவுப் பவுல். இவருடைய நூலின் ஆறாம் பகுதி அறுவை மருத்துவம் முழுவதையும் பேசுவது. அதில் மூடிய மலவாயோடு பிறக்கும் குழந்தையும் வருகிறது. புண் சரிவர ஆறாமல் மலவாய் ஒட்டிக்கொண்ட பெரியவரும் வருகிறார்.

இங்கு நின்று ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வோம். இஸ்லாமிய மருத்துவ வரலாறு எழுதப் புகுவோர் சிலர், எதையும் நம்மவரே முதன்முதல் கண்டார் என்று மார்தட்டுவதை ஒரு வழக்கமாகவே கொண்டுவிட்டனர். அந்த முன்னோர்கள் அப்படிச் செய்யவில்லை. எங்கிருந்து பெற்றோம் என்பதை எழுதி வைத்தனர், பெற்றதைச் சோதித்தனர், தம் கை கண்டதைச் சேர்த்தனர். அவர்கள் பெருமைக்கு அதுவே போதும்.

அத்தகையோருள் தலையாயவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. குர்துபா நகருக்கு அருகே உமையா கலீஃபா எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ராவால் பெயர் பெற்றவர். ஹிஜ்ரி 404-இல், கி.பி. 1013-இல் காலமானவர் என்பர். அவருடைய 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. முப்பதாம் பகுதி அறுவை மருத்துவத்திற்கு உரியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களோடு அமைந்த அப்பகுதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலெதோ நகரில் கிரமோனா ஊர் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். பின்னர்ப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்களின் கையேடாக அது விளங்கிற்று. அரபு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பதிப்பு 1973-இல் இலண்டனில் வெளிவந்தது.

மலவாய் மூடிப் பிறந்த குழந்தையைப் பற்றி அதில் ஒரு சிறு அதிகாரம் உண்டு. மருத்துவச்சி தன் விரலால் அச்சவ்வைத் திறக்க வேண்டும். இயலாவிடில் கூரிய கத்தியால் கீற வேண்டும். ஆனால் சுற்றியுள்ள தசையைத் தொட்டுவிடாதிருக்க எச்சரிக்கை வேண்டும். தசை கெட்டால் அடக்கும் ஆற்றல் போய்விடும். திறந்தபின் புண்ணுக்கு மருந்திட வேண்டும். மீண்டும் மூடிக்கொள்ளும் என்ற அச்சமிருந்தால் ஈயத்தால் ஆன குழலொன்றை வழியில் வைத்துப் பல நாட்கள் விட்டுவைத்து, குழந்தை மலம் கழிக்கும்போது மட்டும் எடுத்துவிட வேண்டும். பின் அதே மூச்சில் இன்னொன்றும் கூறுகிறார்: புண்ணொன்று ஆறியதன் விளைவாகவும் இவ்வழி அடைபடுவதுண்டு, அப்போது ஒட்டியதை அறுத்து, முன் சொன்ன மருத்துவத்தையும் ஈயத்தையும் கொண்டே பேண வேண்டும்.

ஈயம் நஞ்சென்பதை இன்று நாம் அறிவோம். அவர் குழலை இன்று யாரும் கையில் எடுக்கலாகாது. ஆனால் அந்தச் சில வரிகளில் உள்ள நோக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அறுத்தல் பாதி வேலைதான். அறுத்த இடம் எப்படி ஆறுகிறதென்று பல நாட்கள் காவலிருப்பது மறுபாதி. பெரியவாப்பாவுக்குக் காரம் பூசியவர் அதன்பின் ஒருநாளும் அவரை வரச்சொல்லிப் பார்க்கவில்லை.

குர்துபாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1204-இல் மறைந்த யூத மருத்துவ அறிஞர் மூஸா இப்னு மைமூன், ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவைக்கு மருத்துவம் பார்த்தவர். உயர்குடி இளைஞர் ஒருவருக்காக அரபு மொழியில் மூலநோய் பற்றி ஏழு சிறு அதிகாரங்களில் நூலொன்று எழுதினார். கத்தியை எடுக்குமுன் உணவைப் பார் என்பதே அந்நூலின் சாரம். மலச்சிக்கலை நீக்காமல் மூலத்தை மட்டும் வெட்டி எறிந்தால், காரணம் அங்கேயே இருப்பதால் நோய் திரும்பி வரும் என்று அவர் கருதினார். சமையலறையிலிருந்து மருத்துவத்தைத் தொடங்கச் சொன்ன அந்நூலை, கத்தியின்மீது மோகம் கொண்ட பின்னாளைய ஐரோப்பா அதிகம் பொருட்படுத்தவில்லை.

ஐரோப்பாவின் கதைக்கு வருவோம். 1835-இல் இலண்டனின் ஆல்டர்ஸ்கேட் வீதியில் பிரெடரிக் சால்மன் என்ற மருத்துவர் ஏழு படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். பவுத்திரத்தாலும் மலக்குடல் நோய்களாலும் அவதியுறும் ஏழைகளுக்கென்றே தொடங்கப்பட்டது அது. செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனை என்று பின்னர்ப் பெயர் பெற்றது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கும் சால்மன்தான் 1841-இல் பவுத்திர அறுவை செய்தார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வர இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருந்த காலம்! ஏழைகளுக்கான மருத்துவமனையின் மருத்துவரிடமே அன்றைய புகழ்பெற்ற எழுத்தாளரும் சென்று படுக்க வேண்டியிருந்தது.

மயக்க மருந்து வந்தபின் கத்திக்குத் துணிவு வந்தது. 1882-இல் மான்செஸ்டர் நகர அறுவை மருத்துவர் வால்டர் ஒயிட்ஹெட் புதியதொரு முறையை அறிவித்தார். மூல நாளங்கள் அமைந்த சவ்வை முழு வளையமாக அறுத்தெடுத்து, மேலுள்ள சவ்வைக் கீழிறக்கித் தோலோடு தைத்துவிடுவது அது. மூலம் இருந்த இடமே இல்லாமல் செய்துவிட்டால் மூலம் எப்படித் திரும்பும்? கேட்பதற்கு அசைக்க முடியாத வாதம். 1887-இல் முந்நூறு நோயாளிகளைத் தொடர்ச்சியாக அறுத்து ஒருவரையும் சாகவிடவில்லை என்றும் அவர் எழுதினார். அக்காலத்தில் அது வியப்பான சாதனையே. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அம்முறை பரவிற்று.

பின்னர்தான் நோயாளிகள் திரும்பி வரலாயினர். சிலருக்குத் தையல் பிரிந்து, வளையப் புண் வளையத் தழும்பாகி, வாயில் இறுகிப் போயிருந்தது. சிலருக்கு உள்ளே இருக்க வேண்டிய ஈரச்சவ்வு வெளியே தைக்கப்பட்டு, இடம் எந்நேரமும் நனைந்து கசிந்தது. இரண்டாவது கேடு 'ஒயிட்ஹெட் ஊனம்' என்றே நூல்களில் இடம்பெற்றது. தைக்க வேண்டிய கோடு எதுவென்று ஒயிட்ஹெட்டுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பின்பற்றியவர்களுள் பலர் அதனைத் தவறவிட்டனர் என்று அவர் சார்பில் கூறுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் ஒரு முறை கைதேர்ந்த ஒருவரிடம் மட்டும் நன்மை செய்து, சாதாரணக் கைகளில் தீமை செய்யுமானால் அந்த முறையிலேயே குறை உண்டென்றுதான் நாம் கொள்வோம். இறந்தவர் எவருமில்லை என்ற கணக்கு பொய்யன்று. நாள்தோறும் காலையில் கண்ணீர் விட்டவர்களை எண்ணுவதற்கு அக்கணக்கில் இடமில்லை, அவ்வளவே.

திருத்தம் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. மில்லிகன், மோர்கன் என்ற இருவரும் தம் துணைவர்களோடு 1937-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரை, குதக் கால்வாயின் உடற்கூற்றை ஆராய்ந்து, மூன்று மூலங்களையும் தனித்தனியே அகற்றும் முறையை விளக்கியது. மூன்று புண்களுக்கும் இடையில் நல்ல தோலும் சவ்வும் பாலங்களாக விடப்பட வேண்டும். புண்களைத் தைக்காமல் ஆறவிடுவர். பாலங்கள் இருப்பதால் தழும்பு வளையமாவதில்லை. அறுவை முடிந்த இடம் மூவிலைக் கீரையைப் போலத் தோன்ற வேண்டும், இதழ் நெருங்கிய டேலியாப் பூவைப் போலத் தோன்றலாகாது என்று அறுவை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்றும் வழக்கம். ஒன்றை விட்டு வை என்ற ஹிப்போக்ரதீஸின் பழைய அறிவுரை இங்கே நம் நினைவுக்கு வருகிறது. அவர் கூறிய காரணம் தவறு. கெட்ட இரத்தத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் முழுவதையும் அகற்றாதே என்ற கட்டளையைக் கடைப்பிடித்த எத்தனையோ பேர், காரணம் அறியாமலேயே குறுக்கத்திலிருந்து தப்பியிருக்கக் கூடும்.

இத்தாலிய மருத்துவர் லாங்கோ 1998-இல் அறிமுகப்படுத்திய தையல் கருவி முறையில் வலி குறைவு. அதிலும் மேற்பகுதியில் குறுக்கம் நேர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. கருவி எதுவாயினும் கை அளவறிய வேண்டும்.

இனி நம் தெருவுக்கு வருவோம். பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லை, ஒரே நாளில் குணம்' என்ற விளம்பரங்களைக் காணாத ஊர் தமிழகத்தில் இல்லை. படித்துத் தேர்ந்த சித்த, யூனானி, ஆயுர்வேத மருத்துவர்களை நாம் இங்கு குறை கூறவில்லை. சுசுருதரின் கார நூல் மருத்துவம் பவுத்திரத்திற்குப் பயன்படுவதை இன்றைய ஆய்வுகளும் ஏற்றிருக்கின்றன. நாம் அஞ்சுவது, என்ன மருந்தென்று சொல்லாமல் எதையோ ஊசியால் ஏற்றுபவரையும் பூசுபவரையும்தான். வெட்கம் நம்மை அவரிடம் இழுத்துச் செல்கிறது. பெரிய மருத்துவமனையில் நாலு பேர் பார்ப்பார்கள், சந்து முனையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம்!

தவிர்க்கும் வழிகளுள் முதன்மையானது மூலத்தையும் வெடிப்பையும் அறுவை வரை முற்றவிடாமல் காப்பது. கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றின் நாரும் போதிய நீரும் மலத்தைப் பருமனாகவும் மென்மையாகவும் ஆக்கும். பிரியாணியும் இறைச்சியுமே விருந்தென்றான நம் மேசைகளில் காய்கறி ஓரமாய் ஒதுங்கிவிட்டதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். ரமலானில் பகலெல்லாம் நீரில்லை. இரவிலும் வறுத்த பொரித்த பண்டங்களுக்குப் பின் ஒரு குவளைத் தேநீரோடு முடித்துக்கொள்வோர் பலர். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே நீரைப் பகிர்ந்து குடிப்பதும், நோன்புக் கஞ்சியோடு பழத்தையும் சேர்ப்பதும் பெரிதும் உதவும். உந்துதல் வந்தபோது அடக்காதிருப்பதும், வராதபோது முக்கி முக்கி அமர்ந்திராமல் எழுந்துவிடுவதும் அதே அளவு முக்கியம்.

பேதி மருந்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விளக்கெண்ணெய், நிலாவரை, கடையில் விற்கும் மாத்திரை என்று ஆண்டுக் கணக்கில் நாள்தோறும் பேதிக்கு எடுப்போர் நம்மிடையே நிறைய. நீராகப் போகும் மலம் வாயிலை விரிப்பதில்லை. விரியாத வாயில் நாளடைவில் ஒடுங்கிவிடுவதுண்டு என்பதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். வயிறு சுத்தமாகிறது என்ற நிம்மதியில் வாயில் குறுகுவதை அறியாமலே இருந்துவிடுகிறோம். இசப்கோல் உமி போன்றவை வேறு வகை. அவை மலத்தைத் திரட்டி, இயற்கையான முறையில் நாள்தோறும் வாயிலை விரிக்கின்றன. மூல அறுவைக்குப் பின்னும் மருத்துவர்கள் இத்தகையவற்றையே தருகின்றனர். வலிக்கு அஞ்சி உணவைக் குறைப்பதும், மலம் கழிப்பதைத் தள்ளிப் போடுவதும் அப்போது செய்யும் பெரும் பிழைகள். வெந்நீர்த் தொட்டியில் அமர்வது வலியைத் தணிக்கும். சில வாரங்கள் கழித்து மருத்துவர் வரச்சொல்லும் நாளில், குணமாகிவிட்டதே என்று போகாமலிருக்கக் கூடாது. தழும்பு இளமையாய் இருக்கும்போது விரலளவு சோதனையிலேயே குறுக்கத்தைக் கண்டு எளிதில் நெகிழ்த்திவிட முடியும்.

மலம் வரவர மெலிந்து போதல், கழித்த பின்னும் முழுதும் போகாத உணர்வு, இரத்தம், எடை குறைதல் இவற்றுள் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோயும், குடல் அழற்சி நோய்களும், புற்றுநோயும் அதே வழியைக் குறுக்கக் கூடியவை. மூலம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக் காலம் கடத்துவது சில வேளைகளில் உயிருக்கே உலையாகிவிடும்.

பெரியவாப்பாவை ஒருவழியாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தழும்பை ஒரு பக்கத்தில் கீறி, அருகிலுள்ள நல்ல தோலை முக்கோணமாக நகர்த்தி அவ்விடத்தில் பொருத்தும் அறுவை அவருக்குச் செய்யப்பட்டது. அழிந்த தோலுக்கு ஈடாகத் தோலையே வைப்பது அதன் தத்துவம். நாற்பது நாட்களுக்குப் பின் ஒருநாள் காலையில், "இவ்வளவுதானா? இதைச் சொல்லவா நான் வெட்கப்பட்டேன்?" என்று பெரியம்மாவிடம் கேட்டாராம். முழங்கால் வலி எப்படித் திடீரெனப் போயிற்று என்று பள்ளிவாசலில் கேட்டவர்களுக்கு மட்டும் அவர் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

அம்மருத்துவமனையில் குழந்தைகள் பகுதியின் வாசலில் ஒரு காட்சியைக் கண்டோம். மலவாய் மூடிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் புதுவழி அமைக்கும் அறுவையைப் பெனா என்ற மருத்துவர் 1982-இல் செம்மைப்படுத்தினார். அவ்வறுவை முடிந்து இரண்டு வாரங்களானபின், புதிய வாயில் சுருங்கிவிடாதிருக்க எண்ணிட்ட உலோகக் கோல்களை எண்ணெய்ப் பசையிட்டு நாளைக்கு இருமுறை செலுத்தித் தாய்மார்களே விரிக்கக் கற்றுக்கொள்கின்றனர். வாரத்திற்கொரு முறை அடுத்த எண்ணுக்குரிய சற்றே பருத்த கோலுக்கு மாறுகின்றனர். முக்காடிட்ட இளந்தாய் ஒருத்தி மடியில் குழந்தையைக் கிடத்திக்கொண்டு, செவிலியர் சொல்லச் சொல்லக் கைநடுக்கத்தோடு பழகிக் கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கோல் ஒன்பதாம் எண்.